நீல அங்கிப் பள்ளி: ஏழைச் சிறார்க்கென எழுந்த கல்விக்கூடம்

இங்கிலாந்தின் பழம் பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் ஈட்டன், ஹாரோ, ரக்பி என்னும் பெயர்களையே முதலில் கூறுவர். காலப்போக்கில் அவை செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பயிலிடங்களாகிவிட்டமை யாவரும் அறிந்ததே. ஆனால், தெருவில் திரிந்த அனாதைக் குழந்தைகளுக்கெனத் தொடங்கப் பெற்று, 470 ஆண்டுகளைக் கடந்தும் நடந்துவரும் பள்ளி ஒன்றும் அந்நாட்டில் உண்டு. அதன் பெயர் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல். பெயரைக் கேட்டதும் மருத்துவமனை என்று மயங்குதல் வேண்டா. ஆதரவற்றோரை ஏற்று உணவும் உறைவிடமும் தரும் அறச்சாலை என்பதே அந்நாளில் ‘ஹாஸ்பிட்டல்’ என்ற சொல்லின் பொருள்.

தோற்றம்

எட்டாம் ஹென்றி மன்னர் துறவியர் மடங்களைக் கலைத்தபோது, அம்மடங்களை நம்பியிருந்த ஏழைகள் நாதியற்றுப் போயினர். இலண்டன் வீதிகளில் பசித்த குழந்தைகள் பெருகினர். 1552ஆம் ஆண்டில் ரிட்லி என்னும் சமயத் தலைவர், ஹென்றியின் மைந்தராகிய இளமன்னர் ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் ஏழைகளின் துயரை எடுத்துரைத்துப் பேசினார். மனமுருகிய மன்னர் நகரத் தலைவர் ரிச்சர்டு டாப்ஸுக்குத் திருமுகம் எழுதினார். நகரத்தார் பொருள் திரட்டினர். நியூகேட் தெருவில் வெறுமையாய்க் கிடந்த பிரான்சிஸ்கத் துறவியர் மடம் பள்ளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே ஏறத்தாழ 380 குழந்தைகள் அதனுள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிறுமியரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. 1553ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் மன்னர் பட்டயத்தில் ஒப்பமிட்டார்; பத்தே நாட்களில், பதினைந்தாம் வயதில் மறைந்தார்.

மாணாக்கரின் உடை அக்காலத்தின் சின்னமாகவே நிலைத்துவிட்டது. கணுக்காலைத் தொடும் நீல அங்கி, இடையில் தோற்கச்சை, கழுத்தில் வெண்பட்டி, காலில் மஞ்சள் உறை ஆகியவற்றால் இவர்கள் ‘நீல அங்கிச் சிறுவர்’ எனப்பட்டனர். அறத்தின் சோற்றை உண்பவர் இவர் என்று ஊர் அறியக் காட்டிய ஏழைமை உடையே பின்னர்ப் பெருமையின் உடையாயிற்று. இன்றும் மாணாக்கர் அதையே அணிகின்றனர்.

கணிதமும் கடலும்

1673ஆம் ஆண்டில் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் ஆதரவில் இப்பள்ளியினுள் அரச கணிதப் பள்ளி எழுந்தது. நாற்பது சிறுவர் கணிதமும் மாலுமிக் கலையும் பயின்று கப்பற் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் இதன் வளர்ச்சியில் பெரும் பங்கு கொண்டார். 1694இல் பாடத்திட்டம் பற்றிக் கருத்துக் கேட்டபோது, அறிவியல் மேதை நியூட்டன் விரிவான மடல் எழுதினார். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் வானநூலாராகச் சென்று மீண்ட வில்லியம் வேல்ஸ் பின்னர் இங்கே ஆசிரியரானார். பனிக்கடலைக் கண்ணாற் கண்டவரிடம் பாடம் கேட்கும் பேறு அச்சிறுவர்க்கு வாய்த்தது.

மாணவர் வாழ்வு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பள்ளி வாழ்வு எப்படியிருந்தது என்பதை அறிய நமக்குச் சான்று தருபவர் மூவர்: சார்ல்ஸ் லாம், கோலரிட்ஜ், லீ ஹண்ட். லாமும் கோலரிட்ஜும் 1782ஆம் ஆண்டில் சேர்ந்தவர்கள். கோலரிட்ஜ் தந்தையை இழந்து டெவன் நாட்டுப்புறத்திலிருந்து வந்த சிறுவர். விடுமுறை நாளில் போக ஒரு வீடு இல்லாதவர். லாமின் வீடோ அருகிலேயே இருந்தது. அவருடைய அத்தை சூடான உணவைச் சுமந்து வருவார். பிறர் பார்க்கின்றனரே என்ற நாணமும், அத்தையின் அன்பும், பசியும் ஒருங்கே தம்மை வாட்டியதை லாம் பின்னாளில் எழுதினார்.

பள்ளி உணவு அளவாலும் சுவையாலும் குறைந்தது. காலையில் ரொட்டியும் மரக் குவளையில் நீர்த்த பீரும். சில நாள் சுவையற்ற பாற்கஞ்சி. சில நாள் பட்டாணிக் கஞ்சி. ஒழுங்கோ கடுமையானது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை போன்ற மூத்த மாணாக்கர் இளையோரை ஆட்டிப்படைத்தனர். ஓடிப்போய்ப் பிடிபட்ட சிறுவருக்கு முதல்முறை கால்விலங்கு. இரண்டாம் முறை இருட்டறை. மூன்றாம் முறை கசையடியும் வெளியேற்றமும்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை லாம் பதிவு செய்துள்ளார். பிற சிறுவர் உண்ணாது ஒதுக்கிய இறைச்சிக் கொழுப்பை ஒரு மாணவன் பொறுக்கி மறைத்து வைத்துக் கொள்வான். அவனே உண்கிறான் என்றனர் சிலர். விற்கிறான் என்றனர் வேறு சிலர். எல்லோரும் அவனோடு பேசுவதையே விட்டனர். ஒரு நாள் இருவர் பின்தொடர்ந்து சென்று, அவன் ஒரு பாழடைந்த பெரிய கட்டடத்துள் நுழையக் கண்டு முறையிட்டனர். பள்ளியின் மேற்பார்வையாளர் ஹாத்தவே பதறாமல் ஆராய்ந்தார். அங்கே வறுமையுற்றுக் கிடந்த தாய் தந்தையர்க்கே அவன் அவ்வுணவைக் கொண்டு சென்றான் என்பது தெரிந்தது. நிர்வாகத்தார் அக்குடும்பத்துக்கு உதவிப் பொருளும் சிறுவனுக்கு வெள்ளிப் பதக்கமும் அளித்தனர்.

ஆசிரியரும் மாணவரும்

அந்நாளைய தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் பாயர் பிரம்புக்குப் பேர் பெற்றவர். ஆயினும், கவிதையில் ஒவ்வொரு சொல்லும் ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்பதற்குக் காரணம் உண்டு என்று தமக்குக் கற்பித்தவர் அவரே எனக் கோலரிட்ஜ் நன்றியுடன் குறிப்பிட்டார். வெற்றுச் சொல்லடுக்கையும் பொருந்தா உவமையையும் பாயர் பொறுக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட சில மாணவர் ‘கிரேசியர்’ எனப்பட்டனர். மற்றையோர் பதினான்கு, பதினைந்து வயதில் தொழிலுக்குச் சென்றனர். கோலரிட்ஜ் கிரேசியராகி 1791இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அவர் காலத்து மற்றொரு கிரேசியரான மிடில்டன் 1814இல் கல்கத்தாவின் முதல் பிஷப்பானார். கிரேசியர் சமயப் பணிக்கு உரியவர் என்பது மரபு; லாமுக்கோ திக்குவாய். எனவே அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது. அவர் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்து 33 ஆண்டுகள் பேரேடு எழுதினார். ஏழைக்குக் கதவைத் திறந்த பள்ளியிலும் உள்ளே இன்னொரு கதவு இருந்தது.

மாற்றம்

நன்கொடையாளர் விரும்பிய பிள்ளையைச் சேர்க்கும் உரிமை வளர்ந்ததால், பிற்காலத்தில் வறுமை குறைந்த குடும்பத்தாரும் இடம் பெற்றனர். 1877இல் ஒரு சிறுவன் தற்கொலை செய்து கொண்டது நாட்டையே உலுக்கியது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. சீர்திருத்தங்கள் தொடர்ந்தன. 1902இல் பள்ளி இலண்டன் நெரிசலை விட்டுச் சஸெக்ஸ் நாட்டுப்புறத்து ஹார்ஷமுக்குக் குடியேறியது. வெரியோ என்னும் ஓவியர் தீட்டிய, ஏறத்தாழ 26 மீட்டர் நீளமுள்ள பேரோவியமும் உணவுக்கூடத்துச் சுவருக்குச் சென்றது. 1778இல் ஹெர்ட்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்ட சிறுமியர் 1985இல்தான் மீண்டும் சிறுவரோடு ஒரே வளாகத்தில் சேர்ந்தனர். பெற்றோரின் வருவாய்க்கேற்பக் கட்டணம் என்னும் முறை இன்றும் உள்ளது. பலர் சிறிதளவே செலுத்துகின்றனர், சிலர் ஒன்றுமே செலுத்துவதில்லை.

பள்ளியை விட்டு நீங்கும் மாணாக்கருக்கு இறுதி நாளில் ஓர் அறிவுரை ஓதப்படும். இங்கே பெற்ற நன்மையை மறவாதே, இயன்றபோது பிறரும் அதைப் பெற உதவு என்பதே அதன் சாரம். அதனை வாழ்ந்து காட்டியவருள் ஒருவர், இரண்டாம் உலகப்போரில் அணைகளைத் தகர்த்த குண்டை வகுத்த பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ். 1951இல் அக்கண்டுபிடிப்புக்காகக் கிடைத்த 10,000 பவுனை, விமானப்படையினரின் பிள்ளைகள் இங்கே படிப்பதற்கென அவர் கொடுத்துவிட்டார்.

பள்ளியின் பெருமையை அதன் கட்டடத்தாலும் தேர்ச்சிக் கணக்காலும் அளப்பது எளிது. இப்பள்ளியின் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது. எச்சில் பொறுக்குகிறான் என்று ஊர் தூற்றிய சிறுவனைத் தண்டிக்குமுன், அவன் எங்கே செல்கிறான் என்று பார்த்து வந்தார் ஒரு மேற்பார்வையாளர். கால்விலங்கும் இருட்டறையும் மறைந்தன. அவர் செய்த சிறு செயல் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பேசப்படுகிறது. வறுமையை மறைத்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை எந்நாட்டிலும் உண்டு. அப்பிள்ளையைக் கண்டறிவதும் ஆசிரியத் தொழிலேயாகும்.