வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்

ஒரு காலத்தில் ஆங்கிலப் பேச்சிலோ எழுத்திலோ புழங்கி, இன்று அகராதியில் மட்டும் எஞ்சி நிற்கும் சொற்களே வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள் எனப்படுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இவற்றின் முன் குத்துவாள் வடிவக் குறி ஒன்றை இடுகிறது. அந்த அகராதியின் முதல் பகுதி 1884இலும் கடைசிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. ஒருமுறை சேர்த்த சொல்லை நீக்குவதில்லை என்பது அதன் கொள்கை. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் வழக்கொழிந்த சொற்கள் ஏறத்தாழ 47,000 உள்ளன.

அரிய சொற்கள் என்று பலரும் விரும்பித் திரட்டுபவை நீண்ட, விநோதமான லத்தீன் வடிவங்களே. 16, 17ஆம் நூற்றாண்டுக் கற்றோர் இவற்றை ஏராளமாக ஆக்கினார்கள். பிடிக்காதவர்கள் ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று பழித்தார்கள். ஹென்றி காக்கரம் 1623இல் வெளியிட்ட அகராதியில், மாட்டுக்காரனைப் போலக் கூவுவதற்கு ‘பியூபல்சிடேட்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. இத்தகைய சொற்கள் போனதால் ஆங்கிலம் எதையும் இழந்துவிடவில்லை. வீட்டுக்குள் புழங்கிய சிறு சொற்கள் மறைந்ததுதான் பெரிய இழப்பு.

உறவுப்பெயர்களில் அது கண்கூடு. பழைய ஆங்கிலத்தில் தாய்மாமனுக்கு ஒரு சொல், தந்தையின் உடன்பிறந்தானுக்கு வேறொரு சொல். அத்தைக்கு ‘ஃபாது’, தாயின் உடன்பிறந்தாளுக்கு ‘மோட்ரியெ’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சு வழியாக ‘அங்கிள்’, ‘ஆன்ட்’ என்னும் இரண்டும் நுழைந்து, நான்கு உறவுகளையும் இரண்டாகச் சுருக்கின. ‘அங்கிள்’ என்பதற்கு மூலமான லத்தீன் சொல் தாய்மாமனை மட்டுமே குறித்தது. ஆங்கிலத்துக்கு வருவதற்குள் அந்த நுட்பம் தேய்ந்துவிட்டது. மாமனையும் சித்தப்பாவையும் ஒரே பெயரால் அழைக்க முடியாத நமக்கு இந்த இழப்பின் அளவு எளிதில் விளங்கும். தாய்மாமனைக் குறித்த பழஞ்சொல் ‘ஈம்’ என்னும் வடிவில் ஸ்காட்லாந்துப் பக்கம் மேலும் பல காலம் தங்கியது.

‘தௌ’ என்பதும் அப்படித்தான். அது நம்முடைய ‘நீ’. ‘யூ’ என்பது ‘நீங்கள்’. மரியாதைக்காக ‘யூ’ பெருகப் பெருக, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சிலிருந்து ‘நீ’ விலகத் தொடங்கியது. எல்லோரும் சமம் என்று கருதிய குவேக்கர் சமயத்தார் மட்டும் யாரிடமும் அதையே பேசிவந்தனர். 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் கடவுளை அழைக்க அச்சொல் வருவதால், அது உயர்வு வடிவம் என்று இன்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது.

நாளை மறுநாளுக்கு ‘ஓவர்மாரோ’ என்ற ஒற்றைச் சொல் இருந்தது. 1535ஆம் ஆண்டு கவர்டேல் விவிலியத்தில் அது காணப்படுகிறது. ஜெர்மன் மொழியில் அதன் இணைச்சொல் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலேயரோ நான்கைந்து சொற்களைக் கோத்துத்தான் அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

ஒரு சொல் விழும் தறுவாயை அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் பதிவு செய்திருக்கிறார். கென்ட் கரையில் இறங்கிய வணிகர் ஒருவர் ‘எக்ஸ்’ கேட்டார். அந்த வீட்டுப் பெண், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். வணிகருக்குக் கோபம்; அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. உடனிருந்தவர் ‘ஐரன்’ என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டும் முட்டைகள்தாம். முன்னது ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்தது, பின்னது பழைய ஆங்கிலத்தது. வந்த சொல் நிலைத்தது, இருந்த சொல் போயிற்று.

பிழையால் பிறந்து நீக்கப்பட்டவை தனி வகை. அறிஞர் ஸ்கீட் 1886இல் அவற்றுக்குப் ‘பேய்ச்சொற்கள்’ என்று பெயரிட்டார். 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியில் ‘அடர்த்தி’ என்ற பொருளுடன் நுழைந்த ‘டோர்டு’ அவற்றில் புகழ்பெற்றது. ‘டி’ என்ற எழுத்து அடர்த்தியின் சுருக்கம் என்று சொன்ன குறிப்புச் சீட்டைத் தவறாகப் படித்ததே காரணம். 1939இல்தான் பிழை தெரியவந்தது.

முற்றும் மறையாமல் வேறொரு சொல்லுக்குள் ஒளிந்து வாழ்பவையும் உண்டு. ஆணைக் குறித்த ‘வேர்’, ஓநாய்மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்பதில் இருக்கிறது. ‘எடு’ என்னும் பொருள் கொண்ட ‘நிம்’ என்ற வினையை, வந்தேறிய ‘டேக்’ வெளியேற்றியது. ஆனாலும் மரத்துப்போன விரலை ‘நம்’ என்று சொல்லும்போது, உணர்வு எடுக்கப்பட்டது என்ற பொருளில் அந்தப் பழைய வினைதான் ஒலிக்கிறது.