சும்மா பார்க்கும் உரிமை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் துணிக்கடைகளில் பெரும்பாலும் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். உள்ளே காலெடுத்து வைத்துவிட்டு எதுவும் வாங்காமல் திரும்புவது மரியாதையாகாது.

1852-ல் அரிஸ்தீத் பூசிக்கோ என்பவர் அங்கே 'போன் மார்ஷே' என்ற கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். எல்லோருக்கும் ஒரே விலை, அதையும் எழுதி ஒட்டிவிடுவது. யாரும் வந்து சும்மா பார்த்துவிட்டுப் போகலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இவற்றை முதலில் நினைத்தவர் அவரல்ல. பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் அவர். கடை உலகப் புகழ் பெற்றது.

அதே பூசிக்கோதான் விற்பனையாளர்களுக்கு, விற்றதற்கு ஏற்பக் கமிஷனும் கொடுத்தார். வாங்க வருபவருக்குச் சும்மா பார்க்கும் உரிமை. விற்பவருக்கோ சும்மா விட்டால் வருமானம் போச்சு. இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. நம் ஊர் ஜவுளிக்கடையில் நிழல்போல் பின்னால் வரும் பிள்ளைக்கும் அன்றைய விற்பனை இலக்கு ஒன்று இருக்கக்கூடும்.

அதனால் அவரிடம் எரிந்து விழ வேண்டாம். 'வயசானவங்களுக்கு இது போதும்' என்று அவர் எடுத்துப் போடுவதை வாங்கிக்கொண்டும் வர வேண்டாம். 'பார்த்துட்டு வர்றேன் தம்பி' என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.