படுவான்கரைக்கு வராத கம்பி

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. எழுவான்கரையில் பிரதான வீதியை ஒட்டியிருக்கும் ஒருவர் வீட்டுக்குக் கம்பிவழி இணையம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். படுவான்கரையில் வீட்டு இணையம் என்றால், கோபுரத்தின் திசை பார்த்து ஜன்னலோரம் வைக்கும் றவுட்டர் பெட்டி. அதற்கும் வசதியில்லாத வீட்டில் கைபேசி ரீலோட். மாலையானதும் இரண்டும் இழுபடும். ஏன் இப்படி என்று கேட்டால் மூன்று பதில்கள் கைவசம் இருக்கின்றன: தூரம், வறுமை, போர். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஒரு விடயத்தை மறைத்துவிடுகின்றன. வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பது அரசின் வேலையாக இருந்த காலத்தில் படுவான்கரை அதற்கு எட்டாமல் இருந்தது. அது எட்டும் இடமாக மாறியபோது, கம்பி இழுப்பது யாருக்கும் கடமையாக இருக்கவில்லை. இன்றைய மெதுவான இணையத்தின் வேர் இந்தக் காலப்பிசகில்தான் இருக்கிறது.

கரைகளுக்கிடையிலான வேறுபாடு இணையத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பறித்துக்கொண்ட கோட்டை மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்துக் கச்சேரியும் அங்கேயே அமைந்தது. தபாலகம், நீதிமன்றம், மிஷன் பாடசாலைகள் எல்லாம் புளியந்தீவிலும், அங்கிருந்து தெற்கே கல்முனை நோக்கிப் போகும் கரையோர வீதியிலும்தான் முளைத்தன. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் அந்த வீதியை நகரோடு பிணைத்தது. சில ஆண்டுகளில் ரயிலும் மட்டக்களப்புக்கு வந்தது. தந்திக் கம்பி பெரும்பாலும் வீதியையும் தண்டவாளத்தையும் ஒட்டித்தான் ஓடும். தொலைபேசிக் கம்பி தந்தி போன வழியிலேயே போகும். படுவான்கரை நெல்லை விளைவித்துக் கொடுத்தது. வயலுக்குச் சொந்தக்காரரான போடிமாரில் பலர் எழுவான்கரையில் குடியிருந்து, விதைப்புக்கும் வெட்டுக்கும் தோணியேறி வட்டைக்குப் போய்வந்தார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரும் மண்டூர் முருகனும் திருவிழாக் காலத்தில் சனத்தை மேற்கே இழுத்தார்கள். அரச அலுவலகம் எதுவும் அப்படி இழுக்கவில்லை. விளையும் கரை ஒன்று, கட்டளை பிறக்கும் கரை இன்னொன்று என்றிருந்தால், செய்திக் கம்பி எந்தக் கரையில் நிற்கும் என்பதில் ஆச்சரியம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் தொலைபேசி இலங்கையில் அரிய பொருளாகவே இருந்தது. தபாலோடு ஒட்டியிருந்த தொலைத்தொடர்பு 1980இல்தான் தனித் திணைக்களமானது. 1990இல்கூட நாட்டில் நூறு பேருக்கு ஒரு இணைப்பு இல்லை. விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளோடு அங்கிருந்த கொஞ்சக் கம்பங்களையும் சாய்த்துப் போட்டது. ஆகவே, திணைக்களக் காலம் பொற்காலம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் ஊராகக் கம்பி இழுப்பது தன் வேலை என்று திணைக்களம் ஒப்புக்கொண்டிருந்தது. தாமதமாகும் என்றுதான் அது சொன்னது. இலாபமில்லை, வரமாட்டோம் என்று சொன்னதில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அப்போதிருந்து 2007இல் கிழக்கில் போர் முடியும்வரை, இடையில் சில மாற்றங்கள் இருந்தாலும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. வவுணதீவில் சோதனைச்சாவடி. சீமெந்து, இரும்பு, பற்றரி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்கள். டோர்ச் பற்றரிக்கே அனுமதி வேண்டிய இடத்துக்குச் செப்புக் கம்பி எப்படிப் போகும்? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு பேசவேண்டிய தாய் ‘பாதை’ எனும் மிதவைப் படகேறி வாவியைக் கடந்து, எழுவான்கரையில் ஒரு கொமினிகேஷன் கடையில் காத்திருந்தாள். இந்தப் பதினேழு ஆண்டுகளில்தான் நாட்டின் மற்றப் பகுதிகள் கம்பியால் பின்னப்பட்டன. 1991ஆம் ஆண்டின் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1997இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் ஸ்ரீலங்கா ரெலிகொமின் 35 வீதப் பங்கை வாங்கி நிர்வாகத்தையும் எடுத்தது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் நாட்டின் நிலையான இணைப்புகள் இரட்டிப்புக்கும் மேலாகப் பெருகின. 2003 அளவில் அதே செப்புக் கம்பியின்மேல் ஏ.டி.எஸ்.எல். ஏறி, தொலைபேசி இருந்த வீடெல்லாம் இணையம் பெறக்கூடிய வீடாயிற்று. படுவான்கரையில் தொலைபேசி இல்லை; ஆகவே ஏ.டி.எஸ்.எல். வர வழியில்லை. செப்பு இருந்த தெருக்களில்தான் பின்னர் ஃபைபரும் முதலில் போனது. பழைய கம்பியின் வரைபடம் புதிய கம்பியின் வரைபடமாகவும் ஆனது.

போர்தான் காரணம் என்றால், போர் கிழக்கில் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அதற்குப் பதில் மின்கம்பத்தில் இருக்கிறது. ‘கிழக்கின் உதயம்’ என்ற பெயரில் மீள்கட்டுமானம் தொடங்கியபின் படுவான்கரையில் வீதிகள் போடப்பட்டன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. மின்சாரம் ஊர்களுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே காலம், அதே வீதி, அதே வறிய வீடுகள். ஒரு கம்பி வந்தது, மற்றக் கம்பி வரவில்லை. மின்சார சபை அரசின் உடைமையாக இருந்தது, எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்பது அரசின் இலக்காகவும் இருந்தது. தொலைத்தொடர்போ அதற்குள் வணிகமாகிவிட்டிருந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சேவை உட்பட நியாயமான எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்வதை நோக்கமாகச் சொல்கிறது. நடைமுறைக்கு ஒவ்வாத இடங்களை விலக்கியும் வைக்கிறது. படுவான்கரை அந்த விலக்குக்குள் விழுந்தது. கம்பிக்குப் பதிலாகக் கோபுரங்கள் எழுந்தன. முதலில் கம்பியில்லாத சி.டி.எம்.ஏ. தொலைபேசி, பிறகு 4ஜி றவுட்டர். கோபுரம் ஒன்றை நட்டால் பல ஊர்களைக் கணக்குக் காட்டலாம். வீட்டுக்கு வீடு போகும் செலவு இல்லை.

கோபுரம் போதாதா என்பது அடுத்த கேள்வி. கோபுரத்தின் கொள்ளளவு அதன்கீழ் இருக்கும் எல்லா வீட்டுக்கும் பொது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் திறந்தால் எல்லோருக்கும் குறையும். அந்தப் பொதுக் கொள்ளளவைப் பங்கிடத்தான் நிறுவனங்கள் கிகாபைற் கணக்கில் விற்கின்றன. பகலுக்கு ஒரு அளவு, நள்ளிரவுக்குப் பின் ஒரு அளவு என்று பொதி கட்டுகின்றன. இரவு டேட்டாவை விடிய விடிய விழித்திருந்து பயன்படுத்தும் மாணவன் அலைவரிசை நெருக்கடியைத் தன் நித்திரையால் ஈடுசெய்கிறான். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்குள் வந்தபோது இதன் விலை எல்லோருக்கும் தெரிந்தது. படுவான்கரைப் பாடசாலைகள் பெரும்பாலும் அடங்கும் மட்டக்களப்பு மேற்கு கல்வி வலயத்துக்கு அது ஏற்கனவே தெரிந்த கணக்கு.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை எனத் தெற்கிலும் மேற்கிலும்தான் கரையேறுகின்றன. கிழக்கில் ஒன்றும் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு முந்நூறு கிலோமீற்றர் சொச்சம்தான். ஃபைபருக்குள் ஒளி அதைக் கடக்க இரண்டு மில்லிசெக்கன்கூட ஆகாது. வாவியும் தடையில்லை. ஆழம் குறைந்த நீர், மேலே பாலங்கள். சமுத்திரத்தையே கடக்கும் கேபிளுக்கு அது ஒரு பொருட்டா? தாமதம் கடைசிச் சில கிலோமீற்றரில் இருக்கிறது.

இலங்கையில் டேட்டா மலிவு என்பது இன்னொரு வாதம். உலகப் பட்டியல்களில் இலங்கை மலிவான நாடுகளோடு இருப்பது உண்மை. அந்தப் பட்டியல்கள் கைபேசி கிகாபைற்றின் விலையை டொலரில் அளக்கின்றன. 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதும், டொலரில் எழுதப்படும் இலங்கை விலை தானாகவே சரிந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் நிறுவனங்கள் ரூபாக் கட்டணத்தை 20 வீதம் உயர்த்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 15ஆகி, 2024இல் 18ஆயிற்று. பட்டியலில் மலிவு, பையில் செலவு. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 4.1 வீதமாக இருந்தபோது மட்டக்களப்பு மாவட்டத்தில் 11.3 வீதம். வருமானத்தோடு ஒப்பிடாமல் விலையை மலிவு என்பதில் பொருள் இல்லை. 2025இல் வந்த ஸ்ரார்லிங்குக்கும் இதே கதிதான். வானத்திலிருந்து வருவதால் அதற்குக் கரைவேற்றுமை கிடையாது. ஆனால் வந்தபோது அதன் மாதக் கட்டணம் ஏறத்தாழ 15,000 ரூபாவாக இருந்தது, அன்றைய குறைந்தபட்சச் சம்பளத்தின் பாதிக்கும் மேல்.

குடியிருப்பு ஐதான, வசதி குறைந்த ஊருக்குக் கம்பி இழுத்தால் முதலே திரும்பாது என்பார்கள் நிறுவனத்தார். தனியே விட்டால் திரும்பாதுதான். அமெரிக்காவில் 1949இல் கிராமத் தொலைபேசிக்கு அரசு குறைந்த வட்டிக் கடன் கொடுத்தது. அப்படி வளர்ந்த கூட்டுறவுகள் இன்று வடக்கு டகோட்டா போன்ற, பார்க்கும் இடமெல்லாம் வயலேயான மாநிலத்தில் வீட்டுக்கு வீடு ஃபைபர் கொடுக்கின்றன. அதே நாட்டின் பல நகரங்களில் ஒற்றை நிறுவனத்தின் கையில் சிக்கியவர்கள் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். இலங்கையிலும் பணம் சேர்க்க வழி செய்யப்பட்டது. 2003இலிருந்து வெளிநாட்டு அழைப்புகளின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கட்டணம் அறவிடப்பட்டது. கிராமத்தில் வலையமைப்புக் கட்டும் நிறுவனத்துக்கு அதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மட்டக்களப்புக்கு வந்த அழைப்புகளும் அந்தப் பெட்டியை நிரப்பின. பணமோ நெடுங்காலம் செலவிடப்படாமல் கிடந்து, பிறகு திறைசேரியின் பொதுக் கணக்கில் கரைந்தது. படுவான்கரை தன் பங்கைக் கட்டிவிட்டது. பொருள்தான் வந்து சேரவில்லை.

ஸ்ரீலங்கா ரெலிகொமின் ஏறத்தாழப் பாதிப் பங்கு இன்றும் அரசிடம் இருக்கிறது. மின்கம்பங்கள் வீட்டு வாசல்வரை நிற்கின்றன. அவற்றிலேயே ஃபைபரைக் கட்டித் தொங்கவிடலாம். எந்தக் கிராம சேவகர் பிரிவுக்கு ஃபைபர் போயிருக்கிறது, எதற்குப் போகவில்லை என்ற பட்டியலை ஆணைக்குழு வெளியிட வேண்டும். போகாத பிரிவுகளுக்குக் கம்பி இழுப்பதை உரிமத்தின் நிபந்தனையாக எழுத வேண்டும். தொலைத்தொடர்பு வரியில் ஒரு பகுதியை அந்த வேலைக்கென்றே ஒதுக்க வேண்டும். மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்த மூன்றையும் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலேயே கேட்கலாம்.