கரைதல்

கரைதல் என்பது ஒரு பொருள் மூலக்கூறுகளாகவோ அயனிகளாகவோ பிரிந்து, ஒரு நீர்மத்தில் எங்கும் சீராகப் பரவுவதாகும். கரையும் பொருளைக் கரைபொருள் என்றும், கரைக்கும் நீர்மத்தைக் கரைப்பான் என்றும், இரண்டும் ஒன்றான ஒருபடித்தான கலவையைக் கரைசல் என்றும் அழைக்கிறோம். கரைந்த பொருள் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் அழிந்துவிடுவதில்லை. 100 கிராம் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால், கரைசலின் நிறை சரியாக 110 கிராம் இருக்கும்.

கரைவது எப்படி?

உப்பை உருக்க 801 °C வெப்பநிலை தேவை. அதே உப்பு அறை வெப்பநிலையில் உள்ள நீரில் எளிதாகக் கரைகிறது. உப்புப் படிகத்தில் நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உண்டு. ஆகவே ஆக்சிஜன் முனைகள் சோடியத்தையும், ஹைட்ரஜன் முனைகள் குளோரைடையும் ஈர்க்கின்றன. பல நீர் மூலக்கூறுகள் ஓர் அயனியைச் சூழ்ந்துகொண்டதும் அது படிகத்தை விட்டுப் பிரிகிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். சர்க்கரையோ அயனிகளாகப் பிரிவதில்லை. முழு மூலக்கூறுகளாகவே பரவுகிறது.

எதில் எது கரையும்?

நீரைப் போல மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் கொண்டவை முனைவுள்ளவை, அப்படி இல்லாதவை முனைவற்றவை. முனைவுள்ள பொருள்கள் முனைவுள்ள கரைப்பானிலும், முனைவற்றவை முனைவற்றதிலும் பொதுவாக நன்கு கரைகின்றன. நீரில் மிகக் குறைவாகவே கரையும் கற்பூரம் தேங்காய் எண்ணெயில் நன்கு கரைவது இதனால்தான். வைட்டமின் சி நீரில் கரையும். ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரையும்.

கரைதிறன்

குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் கரைப்பானில் கரையக்கூடிய பொருளின் பெரும அளவே கரைதிறன். 20 °C நீரில் உப்பின் கரைதிறன் சுமார் 36 கிராம். சர்க்கரையின் கரைதிறன் சுமார் 200 கிராம். இந்த எல்லையை எட்டிய கரைசல் தெவிட்டிய கரைசல் எனப்படும்.

சூடேற்றினால் பெரும்பாலான திண்மங்களின் கரைதிறன் கூடும். ஆனால் ஒரே அளவில் கூடுவதில்லை. 20 °C-இல் சுமார் 32 கிராம் கரையும் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்டு) 60 °C-இல் சுமார் 110 கிராம் கரைகிறது. சாதாரண உப்பின் கரைதிறனோ அதே வெப்பநிலையில் சுமார் 37 கிராம்தான். சுண்ணாம்பின் கரைதிறன் சூட்டில் குறைந்துவிடுகிறது. வாயுக்களும் அப்படியே: காற்றோடு கலந்திருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் 0 °C-இல் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 °C-இல் ஏறத்தாழ அதில் பாதிதான். கோடையில் தேங்கிய குளங்களில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுத்தம் கூடினால் வாயு அதிகம் கரையும் என்பதை 1803-இல் வில்லியம் ஹென்றி வெளியிட்டார். சோடா தயாரிப்பின் அடிப்படை இதுவே.

பொடியாக்குவதும் கலக்குவதும் கரையும் வேகத்தை மட்டுமே கூட்டும், கரைதிறனை மாற்றா.

மீட்டெடுத்தல்

கரைப்பான் ஆவியானால் கரைபொருள் மீண்டும் படிகமாகும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்கள் இவ்வாறே உப்பு எடுக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. வெயிலில் நீர் வற்றும்போது கரைதிறன் குறைந்த ஜிப்சம் முன்னதாகப் படியும். பிறகு சோடியம் குளோரைடு படியும். மக்னீசியம் உப்புகள் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடும். உப்பு விளைந்ததும் அந்நீரை வடித்துவிடுவதால் உப்பில் கசப்புக் குறைகிறது.