பாளையக்காரர் தயவிலிருந்து ஓட்டுச் சீட்டு வரை

மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில்தான் கோணான்குப்பம். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் அங்கேதான் இருக்கிறது. விருத்தாசலத்துச் சிவன் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றுதான் பெயர். இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயரின் ஆதரவால்தான் அந்தக் கோயில் எழுந்தது என்பது ஊர்வழக்கு. அதாவது 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கத்தோலிக்கர் அரசை அணுகிய வழி, தயவு கேட்பது. ராஜா மனசு வைத்தால் கோயில், மனசு மாறினால் கலாபனை.

அப்போது ரோமாபுரியும் மக்களாட்சியை நம்பவில்லை. 1832இல் பாப்பரசர் 16ஆம் கிரகோரி, மனசாட்சி சுதந்திரம் என்ற கருத்தையே கண்டித்தார். பிரெஞ்சுப் புரட்சி கொடுத்த அடி அப்படி. 13ஆம் சிங்கராயர் கொஞ்சம் இறங்கி வந்தார்: பொதுநன்மை காக்கப்பட்டால் எந்த ஆட்சி முறையும் தவறில்லை என்று 1885இல் எழுதினார், 1892இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கரைக் குடியரசை ஏற்கச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944 கிறிஸ்துமஸ் செய்தியில்தான் 12ஆம் பத்திநாதர் மக்களாட்சியைப் பற்றி விரிவாக, நல்ல விதமாகப் பேசினார். மத சுதந்திரத்தை மனித உரிமையாகத் திருச்சபை அறிவித்தது 1965 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்.

இங்கேதான் நம்ம கதை சுவாரசியமாகிறது. அதற்கு 15 வருஷம் முன்னாடியே, 1950 ஜனவரி 26 அன்று, இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. மதத்தைப் பரப்பும் உரிமையும் அதில் அடக்கம். அதை எழுதிய சபையில் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார்: லொயோலா கல்லூரி முதல்வராயிருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா. சென்னை மாகாணத்திலிருந்து போனவர்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி இருந்தது. 1937இல் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு. கிறிஸ்தவர் ஓட்டுப் போட்டுக் கிறிஸ்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அரசியல் நிர்ணய சபை 1947இல் தனி வாக்காளர் முறையை ஒழித்தது. ஒதுக்கீட்டு இடங்களை மட்டும் வைத்திருந்தது. 1949 மே மாதம் அதுவும் வேண்டாம் என்று தீர்மானம் வந்தது. அதற்கு முன்நின்றவர் வங்காளக் கிறிஸ்தவர் எச்.சி. முகர்ஜி. ஜெரோம் டிசூசாவும் அந்தப் பக்கமே நின்றார். தனி ஆளாக அல்ல, எல்லாரோடும் சேர்ந்து குடிமகனாக நிற்போம் என்பதுதான் அதன் பொருள். கச்சிராயர் காலத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம்!

ஆனால் கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். ஒதுக்கீட்டுத் தொகுதியில் அவர்கள் நிற்க முடியாது. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அவர்களையும் சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபை தீர்மானம் போட்டது.

பொதுவில் சேரலாம் என்று ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், மேல்தட்டினர். விலை கொடுத்தவர்கள் சேரி மக்கள். கோணான்குப்பத்திலிருந்து திரும்பும்போது டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "ஓட்டு கேக்கும்போது நாங்க எந்தத் தெருன்னு எல்லாருக்கும் தெரியுது தம்பி. ஆபீஸ்ல சர்டிபிகேட் கேக்கும்போது மட்டும் நாங்க வேதக்காரங்க ஆயிடுறோம்" என்றார்.

இதில் சர்க்காரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம், சாதிக்கொரு கல்லறை என்று வைத்திருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. எல்லாரும் சமம் என்று அரசிடம் உரிமை கேட்கிற சபை, முதலில் தன் வீட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். அரசியலமைப்பை எழுதிய சபையில் உட்கார்ந்திருந்த குருவின் பெயரைப் பெருமையாகச் சொல்கிற நாம், அந்தப் பெரியவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.