கூடைக்கு வேண்டிய தீ

அமெரிக்கக் காட்டுத்தீயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது ஆண்களின் படை. கோடரியும் மண்வெட்டியுமாகத் தீயோடு பொருதும் வனக்காவலர்கள், அவர்களை அனுப்பிய அதிகாரிகள், மாண்டவர்களுக்கான நினைவுக்கற்கள். அந்த வரலாறு தீயை எதிரி என்றே அழைக்கிறது. அதே காட்டில் தீயை வேண்டி நின்ற பெண்களைத் தேடினால், வனத்துறை ஏடுகளில் அவர்களைக் காண்பது அரிது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில், தாங்கள் முடைந்த கூடைகளாக இருக்கிறார்கள். அக்கூடைகள் பலவற்றில் விலைக்கு வாங்கிச் சேர்த்தவரின் பெயர் இருக்கும். முடைந்தவளின் பெயர் இருக்காது. அந்தக் கூடைகளைத் தீயின் ஆவணங்களாக வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில், கிளாமத் ஆறு மலைகளுக்கிடையே பசிபிக் கடலை நோக்கி இறங்கும் பகுதியில் கரூக், யூரோக் மக்கள் வாழ்கிறார்கள். கிளாமத்தில் வந்து சேரும் டிரினிட்டி ஆற்றங்கரையில் ஹூப்பா மக்கள். ஓக் மரக் கொட்டையும் சால்மன் மீனும் அவர்களுடைய முதன்மை உணவுகளாக இருந்தன. கூடையின்றி அங்கே குடித்தனம் இல்லை. கொட்டை சேர்க்க ஒரு கூடை, மாவு சலிக்க ஒன்று, தலையில் அணிய ஒன்று, பிள்ளையைக் கிடத்த ஒன்று. கஞ்சி காய்ச்சியதும் கூடையில்தான். நீர் கசியாதபடி நெருக்கி முடைந்த கூடையில் மாவையும் நீரையும் விட்டு, நெருப்பில் சுட்ட கற்களை உள்ளே போட்டுக் கொதிக்க வைத்தார்கள். முடைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கூடையின் எலும்பு ஹேசல் என்னும் புதர்ச்செடியின் குச்சி. தன்போக்கில் வளர்ந்த ஹேசல் முடைவதற்கு உதவாது. கோணலாகக் கிளைத்திருக்கும், பூச்சி அரித்திருக்கும், வளைத்தால் ஒடியும். புதரை எரித்தால் மேற்பகுதி கருகும், வேர் சாகாது. பிறகு வேரடியிலிருந்து கிளை பிரியாத மிலாறுகள் நேராக எழும். ஓரிரு ஆண்டுகளுக்குள், வசந்தத்தில், அவற்றை ஒடித்து உரித்துக் காயவைக்க வேண்டும். விட்டால் மறுபடி கிளைத்துவிடும். கூடையில் வெள்ளைக் கோலம் போடுவதற்கான பேர்கிராஸ் என்னும் புல்லும் அப்படித்தான். எரிந்தபின் துளிர்க்கும் இலையே மெல்லியதாய், வலுவாய் இருக்கும். ஓக் மரத்தடியில் சருகை மட்டும் எரிக்கும் சிறுதீ, உதிர்ந்த கொட்டைக்குள் இருக்கும் புழுவைக் கொன்று அடுத்த ஆண்டு விளைச்சலைக் காக்கும்.

தீ வைத்தவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். ஆண்களும் வைத்தார்கள், வேட்டைக்கும் சடங்குக்கும் பாதை துலக்கவும் வைத்தார்கள். ஆனால் எந்தப் புதர், எந்தப் பருவம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் கூடை முடைபவளின் தேவைக்குப் பெரிய இடம் இருந்தது. அவள் விரலுக்குத் தெரிந்தது எரித்த குச்சிக்கும் எரிக்காத குச்சிக்கும் உள்ள வேறுபாடு. அதை அறிவியல் அளந்து சொல்ல வெகுகாலம் ஆயிற்று. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, எரித்து மூன்று பருவங்களாவது கடந்துவிட்ட புதர்களோடு ஒப்பிட்டால், திட்டமிட்டு எரித்த அடுத்த பருவத்தில் கூடைக்குத் தகுந்த ஹேசல் தண்டுகள் 13 மடங்கு கிடைப்பதாகக் கண்டது.

இந்த அறிவு குற்றமாக்கப்பட்ட கதை 1850-இல் தொடங்குகிறது. கலிஃபோர்னியா மாநிலமான அதே ஆண்டில், 'இந்தியர்களின் ஆளுகைக்கும் பாதுகாப்புக்குமான சட்டம்' வந்தது. பழங்குடிக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் வேலைக்குக் கட்டிவைக்க வழிசெய்த சட்டம் அது. புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியதும் அதுவே. பிள்ளையைப் பறித்ததும் தீயைப் பறித்ததும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

1905-இல் அமெரிக்க வனத்துறை அமைந்தது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சம் கொள்கையாக இறுகியது. 1911-இன் வீக்ஸ் சட்டம் மாநிலங்களையும் தீத்தடுப்பில் இணைத்தது. 1918-இல் கிளாமத் ஆற்றங்கரை ஊரான ஆர்லின்ஸிலிருந்து வனக்காவலர் ஒருவர் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தீ வைக்கும் பழங்குடியினரைச் சுட்டுக் கொல்வதும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 1935 முதல், கண்ணில் படும் எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது விதி. 1944-இல் தொப்பியணிந்த ஸ்மோக்கி கரடி சுவரொட்டிகளில் வந்து, தீ என்றால் கேடு என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்தது.

இந்த வனவியலுக்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக 1864 முதல் 1883 வரை இருந்தவர். 1882-இன் சென்னை வனச் சட்டம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. ஒதுக்குக்காட்டில் தீ மூட்டுவதை அச்சட்டமும் குற்றமாக்கியது. தினைப்புனம் காக்கும் பெண்ணைக் குறிஞ்சிப் பாட்டில் பாடம் நடத்துகிற நாம், புனம் என்பது மலைச்சரிவை எரித்துத் திருத்திய நிலம் என்பதைப் பல நேரம் சொல்லாமல் கடந்துவிடுகிறோம்.

கிளாமத்துக்குத் திரும்புவோம். தீத்தடை இறுகிய அதே ஆண்டுகளில்தான் பழங்குடிக் கூடைகளை வாங்கிக் குவிக்கும் மோகம் அமெரிக்க நடுத்தர வீடுகளில் ஓங்கியிருந்தது. பொருளை வாங்கிக்கொண்டு அதன் மூலத்தைத் தடை செய்தார்கள். கூடை 'கைவினை' என்ற பெயரில் வரவேற்பறைக்குப் போனது. அதற்கு வேண்டிய தீ 'நாசவேலை' என்ற பெயரில் வழக்காயிற்று. பெண்ணின் உழைப்பை அழகு என்று புகழ்வோர் அதிலிருக்கும் அறிவை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். 1929-இல் லைலா ஓ'நீல் என்ற ஆய்வாளர், அருங்காட்சியகக் கூடைகளின் புகைப்படங்களை யூரோக், கரூக் பெண்கள்முன் வைத்து, எது நல்ல வேலை, எது மோசமான வேலை என்று கேட்டார். முடைபவளையே திறனாய்வாளராக ஏற்ற அந்த நூல் 1932-இல் வந்தது. அப்படிக் கேட்டவர்கள் அரிது.

எரிக்காமல் விட்ட காட்டில் ஹேசலும் ஓக்கும் டக்ளஸ் ஃபிர் மரங்களின் நிழலில் மங்கின. சருகும் புதரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. தரையோடு போகவேண்டிய தீ இடைமரங்களைப் பற்றி ஏறி உச்சிக்குத் தாவும் நிலை உருவாயிற்று. 2020 செப்டம்பரில் மூண்ட ஸ்லேட்டர் தீ சுமார் 1,57,000 ஏக்கரை எரித்தது. கரூக் மக்களின் நிர்வாகத் தலைமையிடமான ஹேப்பி கேம்ப் பகுதியில் சுமார் 200 வீடுகள் சாம்பலாயின, இருவர் இறந்தனர். காற்றும் வறட்சியும் சேர்ந்து செய்த அழிவு அது. நூறாண்டுத் தடை குவித்துவைத்த விறகுக்கும் அதில் பங்குண்டு.

தீயைத் திரும்பக் கேட்ட முன்வரிசையில் கூடை முடைபவர்கள் நின்றார்கள். 1990களின் தொடக்கத்தில் உருவான கலிஃபோர்னிய இந்தியக் கூடை முடைவோர் சங்கம், குச்சி சேகரிக்கும் இடங்களில் களைக்கொல்லி தெளிப்பதை எதிர்த்தது. முடையும்போது குச்சியை வாயில் கவ்வுவார்கள். காட்டில் தெளித்த நஞ்சு நேரே நாவுக்கு வரும். யூரோக் நிலத்தில் 2013 முதல் எரிப்புப் பணியை முன்னெடுத்த பண்பாட்டுத் தீ மேலாண்மை மன்றத்தின் மார்கோ ராபின்ஸ், தாம் இதில் இறங்கிய காரணத்தை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: பேரக்குழந்தைகளுக்குத் தொட்டில்கூடை வேண்டும், அதற்கு ஹேசல் வேண்டும், ஹேசலுக்குத் தீ வேண்டும். 2016-இல், தீப்பணியில் ஆணாதிக்கத்தை மாற்றும் நோக்கோடு பெண்களுக்கான முதல் எரிப்புப் பயிற்சி முகாமும் வட கலிஃபோர்னியாவில்தான் நடந்தது.

சட்டமும் மெல்ல அசைந்தது. 2021-இல் நிறைவேறிய மாநிலச் சட்டம், பண்பாட்டு முறையில் எரிப்பவர்மீது, பெருங்கவனக்குறைவு இல்லாதவரை, தீயணைப்புச் செலவைச் சுமத்துவதை நிறுத்தியது. 2024-இன் சட்டம், மாநில அனுமதிச் சீட்டுகளுக்குப் பதிலாகப் பழங்குடி அரசுகளோடு நேரடி உடன்பாடு செய்துகொள்ள வழிவிட்டது. 2025-இல் அத்தகைய முதல் உடன்பாட்டைக் கண்டவர்கள் கரூக் மக்கள்.

இதை முழு வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கரூக் மக்களின் பூர்வநிலத்தில் பெரும்பகுதி இன்றும் கூட்டரசின் தேசிய வனம். மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. ஈரமும் காற்றும் கூடிவரும் எரிப்பு நாட்கள் ஆண்டில் சிலவே. கோப்பு நகர்வதற்குள் அவை கடந்துவிடும்; புதர் இன்னோர் ஆண்டு முற்றிவிடும். அந்த நாளைக் குறிக்கும் உரிமை ஹேசலை ஒடித்துப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவளிடம் வந்து சேரும்வரை, அவளுடைய அறிவை மதிப்பதாகச் சொல்லும் ஆவணங்கள் எல்லாம் பாதி எழுதப்பட்டவையே.