ஆசான் விலகும் இடம்: தாள ஆட்டங்களின் வரலாறு

சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் கூறுவது இசையோர் வழக்கு. இவ்விரண்டனுள் லயத்தைத் தனியே பிரித்தெடுத்து, அதனைப் பயில்வதையே ஒரு விளையாட்டாக வளர்த்த நாடு ஜப்பான். தொலைக்காட்சித் திரையின்முன் அமர்ந்து பொத்தான்களை அழுத்தும் பிள்ளையைக் கண்டு, "இதில் என்ன கல்வி இருக்கிறது?" என்று வினவுவோர் பலர். வினா நியாயமானதே. விடை காண விரும்புவோர் அவ்வாட்டம் வளர்ந்த வரலாற்றையும், அது கற்பிக்கும் முறையையும் ஆராய்தல் வேண்டும்.

1996ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவிக்கென 'பாரப்பா தி ராப்பர்' என்னும் ஆட்டம் ஜப்பானில் வெளிவந்தது. அதனை அமைத்த மசாயா மட்சுவுரா இசைக்கலைஞர். முன்னர் இசைக்குழு ஒன்றில் இருந்து பாடல்களை ஆக்கியவர். அதன் பாத்திரங்களை வரைந்தவர் ராட்னி கிரீன்பிளாட் என்னும் அமெரிக்க ஓவியர். இன்று தாள ஆட்டம் என வழங்கும் வகைக்கு இதனையே முன்னோடியாகக் கொள்வர்.

கதை எளியது. பாரப்பா என்னும் நாய்க்குட்டி பல கட்டங்களில் ஓர் ஆசானை அடைந்து ஒன்றைக் கற்கிறது. வெங்காயத் தலையுடைய ஆசான் கராத்தே கற்பிக்கிறார்; மற்றொருவர் வண்டி ஓட்டக் கற்பிக்கிறார்; கோழியம்மை ஒருத்தி சமையல் கற்பிக்கிறாள். ஆசான் ஓரடி பாட, மாணவன் பொத்தான்களை உரிய நேரத்தில் அழுத்தி அதே அடியைத் திருப்பிப் பாட வேண்டும். ஆசிரியர் சொல்ல, மாணவர் பின்சொல்லும் பழைய பள்ளிமுறை இதுவன்றோ?

ஆயின், இங்கு ஒரு நுட்பம் உண்டு. மாணவன் பாடுவது நான்கு படிகளில் மதிப்பிடப்படுகிறது. ஆசான் பாடியதை வழுவின்றி ஒப்பிப்பவன் மூன்றாம் படியாகிய 'நன்று' என்பதோடு நின்றுவிடுவான். அதற்குமேல் ஏற விரும்புவோன், தாளத்தைக் கைவிடாமல், ஆசான் பாடாதவற்றையும் தானே புனைந்து சேர்த்தல் வேண்டும். உயர்படியை எய்தியவுடன் ஆசான் அவ்விடத்தைவிட்டு அகன்றுவிடுகிறார். அதன்பின் மாணவன் தன் விருப்பம்போல் தனித்துப் பாடுகிறான். ஒப்பித்தலுக்குத் தேர்ச்சி உண்டு, முதன்மை இல்லை.

இதன்பின் இவ்வகை விரைந்து பரவியது. 1997இல் கோனாமி நிறுவனம் 'பீட்மேனியா' என்னும் ஆட்டத்தைக் கேளிக்கைக் கூடங்களுக்கு அளித்தது. அதில் ஐந்து கட்டைகளும் ஓர் இசைத்தட்டும் இருந்தன. 1998இல் அந்நிறுவனமே வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' கைக்குரிய வேலையைக் காலுக்கு மாற்றி, நான்கு அம்புக்குறிகளை மிதித்தாடச் செய்தது. 2001இல் நாம்கோ நிறுவனம் மரக்கோல் கொண்டு முரசறையும் 'டைக்கோ நோ தட்சுஜின்' என்பதைக் கொணர்ந்தது. 2005இல் அமெரிக்காவில் 'கித்தார் ஹீரோ' தோன்றியது. இவற்றிலெல்லாம் குறிகள் திரையில் நகர்ந்து வரும். அவை வரையறுத்த இடத்தைத் தொடும் கணத்தில் ஆடுவோர் தட்டவோ மிதிக்கவோ வேண்டும். ஆட்டம் வளர்ந்தது, ஆனால், புனைந்து பாடியவனுக்கு முன்பு கிடைத்த பரிசு அருகிப்போயிற்று.

இவற்றைக் கற்பது எங்ஙனம்? புதிதாகப் பயில்வோன் கண்ணையே நம்புகிறான். குறி கோட்டைத் தொட்டதைக் கண்டபின் கையை அசைக்கிறான், தவறிவிடுகிறான். கண்டபின் கை அசைய ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும்; தாளம் அதுவரை காத்திராது. ஆகவே, அடுத்த அடி எப்போது விழும் என்பதை முன்னரே உள்ளத்தில் கணித்திருக்க வேண்டும். முரசாட்டத்தில் சிவப்புக் குறிக்கு 'டோன்' என்று நடுத்தோலிலும், நீலக் குறிக்குக் 'கா' என்று விளிம்பிலும் அறைவர். இவ்வொலிகள் ஆட்டத்திற்கென ஆக்கப்பட்டவை அல்ல. நம் மிருதங்க மாணவர் சொற்கட்டைச் சொல்லிப் பழகுவதுபோல, ஜப்பானிய முரசு பயில்வோர் வாயாற் சொல்லிப் பழகுபவை. 2006இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ரிதம் தெங்கோகு' ஆட்டமோ, சில இடங்களில் காட்சியையே மறைத்துவிடும். செவியை நம்பியவனே அங்குத் தேறுவான்.

குறைபாடு இல்லையா? உண்டு. பொறி அளப்பது காலத்தை மட்டுமே. முரசை இனிமையாக அறைந்தாலும் முரட்டுத்தனமாக அறைந்தாலும் அதற்கு ஒன்றே. 'கித்தார் ஹீரோ'வில் வல்லவன் உண்மைக் கித்தாரின் நரம்பில் விரல் வைக்கும்போது தொடக்கநிலை மாணவனே ஆவான். எனினும், காலத்தை உணரும் பயிற்சியைச் சலிப்பின்றி, கடிந்துரையாமல், ஆயிரம் முறையும் அது அளிக்கிறது. பொறி மதிப்பெண் தராத இடத்திலும் ஆடுவோர் புனைவை விட்டாரல்லர். கோனாமியின் நடன மேடையில் கால்கள் அம்புக்குறிகளுக்குப் பணிந்திருக்க, கைகளையும் உடலையும் தம் கருத்துப்படி ஆட்டிப் பார்ப்போரை மகிழ்வித்தவர் பலர். அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கூடவில்லை.

கற்பிப்போர் எண்ணிப் பார்க்கத்தக்கது மட்சுவுராவின் முதல் ஆட்டமே. அங்கே ஆசான் விலகுவது மாணவனைக் கைவிடுவது அன்று. தனித்துப் பாடுபவன் தாளம் தவறித் தடுமாறுவானாயின், அகன்ற ஆசான் திரும்பி வருகிறார். விட்ட இடத்திலிருந்து அடியெடுத்துக் கொடுக்கிறார்.